எந்த நாட்டிலாவது சொத்து உண்டா?

1

இன்றோடு இரண்டு ஆண்டு முடிகிறது. ஏரிக்கு மேற்கே கிடக்கும் முக்கால் ஏக்கரில் எனக்குப் பங்கு இல்லை என்பதை இன்றுமுதல் இந்த நியூயார்க் நகரமும் ஒப்புக்கொள்கிறது. நம் ஊர்ப் பத்திரப்பதிவு அலுவலகம் கையெழுத்து விழுந்த அன்றைக்கே ஒப்புக்கொண்டுவிட்டது. இங்கே இருக்கிறவர்களுக்குத்தான் நம்ப இத்தனை நாள் பிடித்தது.

காலையில் பள்ளிக்கூடச் சமையலறையில் பால் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது தேதி நினைவுக்கு வந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். நிலம் என்று ஆரம்பித்தால் ஊர், ஊர் என்றால் தம்பி, தம்பி என்றால் குலுக்கல் என்று போய்க்கொண்டே இருக்கும். அதற்குள் பிள்ளைகள் சாப்பிட வந்துவிடும். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். பத்திரம், பட்டா, பங்கு என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையை ஒட்டிய ஊர் என்னுடையது. கணவரின் அக்கா இங்கே நர்ஸ். அவர் எழுதிப் போட்டு, பல வருஷம் காத்திருந்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் கம்பெனி வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச ஆரம்பித்த சமயத்தில் நாங்கள் விமானம் ஏறினோம். மகள் நித்யாவுக்கு அப்போது நினைவு தெரியாத வயது. கம்பெனி வந்ததையும் பஸ்கள் வந்ததையும் நான் போனில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் ஏக்கத்தில் உருகுகிற ஆள் நானில்லை. வெயிலில் வேர்க்கடலை பிடுங்கியவளுக்கு அதெல்லாம் வராது. ஆனால் அந்த நிலத்தில் பாதி என்னுடையது என்பதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. அப்பா பெயர் கன்னியப்பன். அவர் போனபோது உறவுக்காரர்கள் எல்லாரும், பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று, தம்பிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிடு என்றார்கள். எங்கள் பக்கத்தில் அக்கா தங்கைகள் கையெழுத்துப் போடுவார்கள். தாம்பாளத்தில் ஒரு புடவை வைத்துக் கொடுப்பார்கள், அதோடு முடிந்துவிடும். நான் போடவில்லை. போடச் சொல்லித் தம்பி ஏழுமலையும் கேட்கவில்லை. இரண்டு பேர் பேரிலும் கூட்டுப் பட்டா வாங்கினோம். அதன் நகல் ஒன்று என் சூட்கேசில் வந்தது.

2

இந்த நகரத்தில் குறைந்த வாடகை வீடுகளைக் குலுக்கலில் கொடுக்கிறார்கள். புதிதாக ஒரு கட்டடம் எழும்பினால் அதில் இத்தனை வீடு எங்களைப் போன்றவர்களுக்கு என்று ஒதுக்கிப் பத்திரிகையில் விளம்பரம் போடுவார்கள். ஒரு கடித உறைக்குள் நம் விலாசம் எழுதிய இன்னொரு உறை வைத்து அனுப்பினால் அதில் விண்ணப்பம் வரும். நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். குலுக்கலில் ஒரு எண் விழும். எண் சிறியதாக இருந்தால் ஒரு வருஷத்துக்குள் கூப்பிடுவார்கள். பெரியதாக இருந்தால் கூப்பிடமாட்டார்கள். கிடைத்துவிட்டால், நீங்களாக விட்டுப் போகிறவரை அந்த வீட்டிலிருந்து யாரும் உங்களைக் கிளப்ப முடியாது.

இதைப் போனில் சொன்னபோது ஏழுமலை விழுந்து விழுந்து சிரித்தான்.

"இன்னாக்கா, அமெரிக்காவுல வூட்ட குலுக்கல்ல வுட்றாங்களா? நம்மூரு தீபாவளி சீட்டு மாதிரி?"

"அப்பிடித்தான்டா. குண்டா கெடைக்குதா வூடு கெடைக்குதான்னு பாக்கணும்."

"ரிஜிஸ்டர் போஸ்ட்ல போடு. கையெழுத்து வாங்கினுதான் குடுப்பான். சாதா தபால நம்பாத."

பதிவுத் தபாலில் போட்டால் பிரிக்காமலே தள்ளிவிடுவார்கள் என்றேன். சாதாரணத் தபால் மட்டும்தான் ஏற்கப்படும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவனால் அதை ஜீரணிக்க முடியவில்லை. இன்னா கவர்மெண்ட்டுக்கா அது, என்று கேட்டுக்கொண்டிருந்தபோது போன் கார்டு தீர்ந்துவிட்டது.

வருமான விஷயம் இன்னும் வேடிக்கை. குறைவாகச் சம்பாதித்தால் வாடகை கட்டமாட்டாய் என்று தள்ளுவார்கள். கூடச் சம்பாதித்தால் உனக்கு எதற்கு என்று தள்ளுவார்கள். நடுவில் ஒரு சின்னச் சந்து. அந்தச் சந்துக்குள் நாங்கள் ஒடுங்கி நின்றோம். கணவர் வேலை செய்யும் கார் நிறுத்துமிடத்தில் அந்த வருஷம் கூடுதல் நேரம் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதையும் ஏழுமலையிடம் சொன்னேன். "ஓ.டி. வேணாம்னு சொல்ற ஆள இங்க எந்த கம்பெனியிலயும் பாக்கமுடியாதுக்கா" என்றான்.

3

நாங்கள் அப்போது குடியிருந்தது குயின்ஸில் ஒரு வீட்டின் அடித்தளத்தில். கொதிகலன் அறையும் நாங்களும் ஒரு மரத்தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். மழை பெய்தால் சுவர் வியர்க்கும். ஒரே ஒரு ஜன்னல், கூரையை ஒட்டி. அதில் தெரிவது தெருவில் போகிறவர்களின் காலணிகள். அடித்தளத்தில் ஆள் வைப்பது சட்டப்படி கூடாது என்பதால், யாராவது அடையாள அட்டை மாட்டிக்கொண்டு மணி அடித்தால் கதவைத் திறக்காதீர்கள் என்று ஓனர் சொல்லியிருந்தார். நல்ல மனிதர்தான். குளிர்காலத்தில் எங்கள் பக்கம் ஒரு ஹீட்டர் கொண்டுவந்து வைத்தார். ஆனால் வீட்டை விற்கப்போகிறார் என்று பேச்சு அடிபட ஆரம்பித்திருந்தது.

நித்யாவுக்கு இரவில் இழுப்பு. வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து தலையணைக்கு அடியிலேயே இருக்கும். அந்த ஈரம் போகாமல் இழுப்பு போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிநேகிதிகள் யாரையும் அவள் வீட்டுக்கு அழைத்துவந்ததில்லை. வீடு எங்கே என்று கேட்டால் அத்தை வீட்டு விலாசத்தைச் சொல்லிவிடுவாள். இது எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் சொல்லித்தான் தெரியும்.

விளம்பரத்தில் பார்த்த கட்டடம் நான் வேலைக்குப் போகும் பஸ் பாதையில்தான் எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போய் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தோம். நித்யா நாலாவது மாடியில் மூலை ஜன்னலைக் காட்டி, "அது எனக்கு" என்றாள். இங்கிலீஷில்தான் சொன்னாள். ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு எங்களோடு சேர்ந்து ஒரு விஷயத்தை ஆசைப்பட்டாள். எனக்கு அந்த வீடு வேண்டும் என்று வெறியே வந்தது அன்றைக்குத்தான்.

அதே சமயம் ஊரில் ஏழுமலை வீட்டு ஓனர் ஆகிவிட்டான். எங்கள் நிலத்தில் சாலையை ஒட்டிய ஓரத்தில் வரிசையாக ரூம் கட்டி, மேலே சிமெண்ட் ஷீட் போட்டு, கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தான். எல்லாரும் திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள். ஒரு ரூமில் ஆறு பேர், ஷிப்ட் மாறி மாறிப் படுக்கிறவர்கள். நான் போன் பேசும்போது பின்னால் குரல் கேட்கும்: "அண்ணாச்சி, மோட்டாரைப் போடுங்க. தண்ணி வரமாட்டுக்கு." வாடகையில் உனக்குப் பாதி எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம், ரூமில் ஜன்னல் வை என்றேன்.

"ஜன்னலா? தூங்கறதுக்குத்தான்க்கா வரானுங்க. வெளிச்சம் வந்தா திட்றானுங்க" என்றான்.

4

எண் சிறியதாகவே விழுந்தது. நம்பமுடியாத அளவுக்குச் சிறியது. கடிதத்தை நித்யா இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். கணவர் அன்று வேலைக்குப் போகாமல் பாயசம் வைக்கச் சொன்னார்.

நேர்காணலுக்குச் சம்பளச் சீட்டு, வரிக் காகிதம், வங்கிக் காகிதம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனோம். "கன்னியப்பன்!" என்று கூப்பிட்டார்கள். இங்கே எனக்கு அப்பா பெயர்தான் குடும்பப் பெயர். செத்துப்போன மனிதரை யாரோ உரக்கக் கூப்பிட, நான் எழுந்து போனேன்.

மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா கறாரானவர் இல்லை. பேரப்பிள்ளைகள் படம் வைத்திருந்தார். எனக்கு இங்கிலீஷ் வேலைக்குப் போதுமான அளவு வரும், அலுவலகத்துக்குப் போதாது. அதனால் நித்யா நடுவில் உட்கார்ந்தாள். யார் யார் இருக்கிறீர்கள், என்ன வேலை, வேறு வருமானம் உண்டா என்று வரிசையாகக் கேட்டு, பதில் எழுதிக்கொண்டே வந்தார். ஒரு கேள்வியில் நித்யா என்னிடம் திரும்பாமலே "நோ" என்று சொல்லிவிட்டாள்.

"இன்னா கேட்டாங்க?" என்றேன்.

"நத்திங். சொத்து இருக்கான்னு. எந்த நாட்டுலயாவது."

"இருக்குதே. நம்ம நெலம்."

"அம்மா, ப்ளீஸ். அது மாமாவோடது."

"மாமாவுது பாதி. பாதி என்னுது. சொல்லு."

நானே சொன்னேன். "யெஸ். லேண்ட். இந்தியா. ஹாஃப் மைன்."

இங்கே வந்த நாளிலிருந்து என்னிடம் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. என்ன இல்லை என்றுதான் கேட்பார்கள். இன்ஷூரன்ஸ் இல்லையா, கார் இல்லையா, டிகிரி இல்லையா என்று. முதல்முறையாக ஒரு மேசையில் உனக்கு நிலம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுக் கேட்கிறார்கள். எப்படி இல்லை என்பது? சந்தோஷமாகத்தான் சொன்னேன். பொய் சொல்லக்கூடாது என்ற பெரிய எண்ணமெல்லாம் அந்த நேரம் இல்லை.

அந்த அம்மாவும் சிரித்தபடியே எழுதிக்கொண்டார். நிலத்தின் மதிப்புக்கு ஒரு சான்று வாங்கி அனுப்புங்கள், பெரும்பாலும் பிரச்சினை இருக்காது, கிராமத்து நிலம்தானே என்றார். வெளியே வந்ததும் நித்யா எங்களுக்கு முன்னால் தனியாக நடந்தாள்.

5

நிலத்துக்கு மதிப்புப் போட்டு ஒரு காகிதம் அனுப்பு, வீட்டுக்காகக் கேட்கிறார்கள் என்று ஏழுமலையிடம் சொன்னேன். நான் சொன்னது அவ்வளவுதான். அதற்குமேல் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. நம் ஊரில் நிலத்துக்கு இரண்டு விலை உண்டு என்பது உங்களுக்கே தெரியும். பத்திரத்தில் எழுதுவது ஒன்று, வாயால் சொல்வது ஒன்று. அரசாங்கக் காகிதம் என்றால் சின்ன விலைதானே வரும் என்று இருந்துவிட்டேன்.

ஏழுமலையின் கணக்கு வேறு. எங்களைப் பார்த்துவிட்டுப் போக அவன் ஒருமுறை விசா கேட்டான். விசா கேட்கிறவர்கள் எல்லாரும் செய்வதுபோல் காஞ்சிபுரத்தில் ஒரு இன்ஜினியரைப் பிடித்து, சொத்து மதிப்புச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனான். சொத்து நிறையக் காட்டினால்தான் இவன் அங்கேயே தங்கிவிடமாட்டான் என்று வெள்ளைக்காரன் நம்புவான் என்பது ஊரறிந்த சங்கதி. நம்பவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தள்ளிவிட்டார். சொத்தைக் குறைத்துப் போட்டதுதான் காரணம் என்று அவன் மனசில் பதிந்துவிட்டது. அக்காவுக்கு அந்த மாதிரி ஆகிவிடக்கூடாது என்று அவன் நினைத்ததில் என்ன தப்பு?

எனக்காக வாங்கிய சான்றிதழ் கூரியரில் வந்தது. நல்ல தடிமனான காகிதம், பச்சை உறை, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை. நிலத்தின் கலர் போட்டோ. நடுவில் ஏழுமலை, சலவைச் சட்டையில், பின்னால் அவன் கட்டிய ரூம்கள். பன்னாட்டு நிறுவனங்கள் சூழ்ந்த, அபார வளர்ச்சி வாய்ப்புள்ள, நான்குவழிச் சாலைக்கு மிக அருகிலுள்ள நிலம் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். நான்குவழிச் சாலை அப்போது பேச்சில்தான் இருந்தது. இன்ஜினியர் போட்டிருந்த விலையைப் பார்த்து என் கணவர் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

ஏழுமலையிடமிருந்து போன் வந்தது.

"பாத்தியாக்கா? நம்ம வெலையே இல்ல அது. இன்ஜினியரு பெருமாள் மாதிரி ஏத்திப் போட்டுக் குடுத்தாரு. போன தபா கம்மியாப் போட்டுத்தான் என்னிய தள்ளிவுட்டான். இந்த தபா எவனும் உன்ன தள்ள முடியாது."

"ஏன்டா இவ்ளோ போட்ட?"

"இன்னாக்கா இப்பிடி கேக்குற? ஒரு வூடு வாடகைக்குக் கேட்டுப் போறோம். வக்கத்தவன்னு நெனச்சா குடுப்பானா? நானே குடுக்கமாட்டேன்."

அவன் சொன்னதும் நியாயம்தான். அவனிடம் ரூம் கேட்டு வருகிற பையனுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் அவன் சாவி கொடுப்பான். இல்லாதவனுக்குத்தான் வீடு, இருக்கிறது என்றால் வீடு கிடையாது என்று ஒரு ஊர் இருக்கும் என்பதை அவனுக்கு நான் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? எனக்கே அது அப்போதுதான் உறைத்தது. அந்தக் காகிதத்தை அனுப்பாமல் இருந்துவிடலாம் என்றால் கெடு நெருங்கிவிட்டது. கேட்ட காகிதம் வராவிட்டால் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள். அனுப்பினோம்.

6

நிலத்தின் மதிப்பில் ஒரு பங்கை வருஷ வருமானமாகக் கணக்கிடுவார்களாம். அந்த நிலத்திலிருந்து எனக்கு ஒரு படி கடலை வருவதில்லை என்றாலும் கணக்கு கணக்குதான். அதைக் கூட்டினால் சந்துக்குள் ஒடுங்கி நின்ற நாங்கள் வெளியே விழுந்துவிட்டோம். கடிதம் மரியாதையாக எழுதப்பட்டிருந்தது. மறுபரிசீலனை கேட்கலாம், கொஞ்ச நாள் அவகாசம் உண்டு என்று கடைசியில் ஒரு வரி.

அரசாங்க வழிகாட்டி மதிப்பு வாங்கி அனுப்பிப் பார்த்தோம். ஒரே நிலத்துக்கு இரண்டு விலை எப்படி என்று அந்த அம்மா போனில் கேட்டார். எந்த விலை உண்மை என்று கேட்டார். இரண்டும் பொய் என்று சொல்ல வாய்வரை வந்தது. இரண்டில் கூடியதைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்று சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் கணவர் அந்தப் பேச்சை எடுத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"உன் பேர்ல இருந்தாத்தான கணக்கு. தம்பிக்கே எழுதிக் குடுத்துடு."

நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

"நீ அங்க போயி குடியிருக்கப் போறியா? சொல்லு. இது இன்னிக்கு ஓடுற பொழப்பு. அவ மூச்சு வுட முடியாம கெடக்குறா."

நித்யா தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஜஸ்ட் ஒரு சைன்தானேம்மா" என்றாள்.

ஒரு கையெழுத்துதான். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து வாங்க முடியாத கையெழுத்து. நான் கோபப்படவில்லை. அவளைப் பார்த்தேன். மார்பு ஏறி இறங்குவது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. நாலாவது மாடி ஜன்னல் நினைவுக்கு வந்தது. சரி என்றேன்.

ஏழுமலைதான் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் கேட்டனாக்கா? என்னிக்காவது கேட்டனா? ஊர்ல இன்னா சொல்வாங்க, அக்கா அந்தாண்ட போனதும் புடுங்கிகினான்னு சொல்வாங்க" என்று போனிலேயே அழுதான். நான்தான் சமாதானம் சொன்னேன். இங்கே தூதரகத்தில் அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அதை வைத்துச் சித்தப்பா என் சார்பில் நின்று விடுதலைப் பத்திரத்தைப் பதிந்தார். ஏழுமலை வழக்கத்தை விடவில்லை. பார்சலில் ஒரு புடவை வந்தது. அரக்குக் கலரில் காஞ்சிபுரப் பட்டு. கூட ஒரு மஞ்சள் கிழங்கும் குங்குமமும் வைத்திருந்தான். குங்குமத்தைச் சுங்கத்தில் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள், புடவை முழுக்கத் தூளாக இருந்தது.

"கடேசி ரூம உனக்குன்னு வுட்டு வச்சிகீறேன்க்கா. பூட்டுதான் போட்டுக்கீது. எப்ப வந்தாலும் உன் வூடு அது" என்றான். ஜன்னல் வைத்த ரூம் அது ஒன்றுதான் என்றும் சொன்னான்.

7

பதிவுப் பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு நானும் நித்யாவும் அலுவலகத்துக்குப் போனோம். அந்த அம்மா முழுவதையும் படித்தார். தமிழ்ப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பை ஒரு முறை, சித்தப்பாவின் அதிகாரப் பத்திரத்தை ஒரு முறை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இதற்கு எவ்வளவு பணம் வாங்கினீர்கள்?"

"பணமில்லை. தம்பிக்கு."

"ஒன்றுமே வாங்கவில்லையா?"

"புடவை" என்றேன். நித்யா அதை மொழிபெயர்க்கவில்லை.

அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். ஒரு சொத்தை அதன் விலைக்குக் குறைவாக யாருக்காவது கொடுத்துவிட்டால், கொடுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை அது உங்களிடமே இருப்பதாகத்தான் கணக்கு. வீட்டுக்காகச் சொத்தை மறைக்கிறவர்களைத் தடுக்க வைத்த விதி. நீங்கள் அப்படிச் செய்யவில்லை என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் விதியில் அதற்கு இடமில்லை. எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார்.

கேட்டிருக்கலாம். சொத்தை எழுதிக் கொடுக்க அலுவலகத்தில் யோசனை கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. வீட்டுக்குள் பேசி முடித்துவிட்டுப் பத்திரத்தோடுதான் போய் நிற்போம். அந்த அம்மாவின் கண்ணும் கலங்கியிருந்தது. அதனால் எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் நித்யா என் பக்கத்தில் உட்காரவில்லை. அந்தக் கட்டடம் வந்தபோது இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

சில மாதங்களில் ஓனர் வீட்டை விற்றார். வாங்கியவர்கள் அடித்தளத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். இப்போது இருப்பதும் ஒரு அடித்தளம்தான், இன்னும் தள்ளி, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். ஜன்னல் வழியாக இப்போது காலணிகள் தெரிவதில்லை, பக்கத்து வீட்டின் குப்பைத்தொட்டிகள் தெரிகின்றன. நித்யா அந்த ஒரு வருஷத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்தாள். தமிழில் பேசுவதையும் நிறுத்திக்கொண்டாள். சண்டை போட்டு நிறுத்தவில்லை. குழாயில் தண்ணீர் நிற்கிற மாதிரி குறைந்து குறைந்து நின்றது. இப்போது நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் சொல்வாள்.

ஏழுமலையிடம் வீடு கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அவனுடைய காகிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஏன்க்கா, இன்னும் கொஞ்சம் ஏத்திப் போட்டிருக்கணுமா என்று கேட்டான்.

போன மாதம் பேசும்போது தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னான். ஒரகடத்தில் புதுசு புதுசாகக் கம்பெனி வருகிறதாம். ரூம் கேட்டுப் பையன்கள் பையும் கையுமாக வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்களாம்.

"அந்த கடேசி ரூம்கா... அஞ்சாறு புள்ளைங்க, மழையில நனஞ்சிகினு நின்னுதுங்க. மனசு கேக்கல. நீ வரேன்னு சொன்னா ஒரே நாள்ல காலி பண்ணிடுவேன்."

"குடுத்தது நல்லதுடா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். போனை வைத்தபின் இரவெல்லாம் தலை வலித்தது.

8

இன்று வேலை முடிந்து வந்தபோது மேசைமேல் புது விண்ணப்பம் கிடந்தது. வேறொரு கட்டடம், வேறொரு பேட்டை. கணவர் எழுதிப்போட்டு வரவழைத்திருக்கிறார். இரண்டு வருஷம் முடியும் நாளை அவரும் மனசுக்குள் வைத்திருந்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் ஊரே திரண்டு விண்ணப்பிக்கிறது. சின்ன எண் எங்களுக்கு இன்னொரு முறை விழும் என்று நான் நம்பவில்லை. அவரும் நம்பவில்லை என்று அவர் பேனாவைத் தேடிய விதத்திலேயே தெரிந்தது.

நித்யாவைக் கூப்பிட்டோம். ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். பெயர், விலாசம், வேலை எல்லாம் கேட்காமலே எழுதினாள். வீட்டில் எத்தனை பேர் என்ற இடத்தில் பேனா நின்றது.

"இவங்க கூப்பிடறதுக்குள்ள நான் காலேஜ் போயிருப்பேன்" என்றாள். இங்கிலீஷில்தான். "நான் திரும்பி வரமாட்டேன். ரெண்டுன்னு போடட்டுமா?"

"மூணு போடு" என்றார் கணவர்.

அவள் தோளைக் குலுக்கிவிட்டு மூன்று என்று எழுதினாள். பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த கேள்வியை வாசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு அந்த மேசையில் பார்க்காமல் விட்ட பார்வை.

"சொத்து இருக்கா? எந்த நாட்டுலயாவது?" தமிழில் கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

"ஷூர்?"

"எந்த நாட்டுலயும் இல்ல."

"குட்" என்று சொல்லிக் கட்டத்தில் கோடு போட்டாள்.